கண் மருந்தும் தாய்ப்பாலும்



போடிநாயக்கனூரில் எம் மத்ரஸா மாணவியரின் தாய்மார் சிலர், விடியலில் ஜீப்பேறிப் போடிமெட்டு வழியே ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர்கள். அவர்களுள் கண் சிவந்து வீங்கியிருந்த ஒருவர், மருத்துவர் தந்த சொட்டு மருந்தைத் திறக்கவே இல்லை. “பால் குடிக்கிற பிள்ளைக்கு ஆகாதே, ஆலிமா” என்றார்.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பாலூட்டலின் முழுமையான காலம் இரண்டு ஆண்டுகள் என்கிறது. பிள்ளையின் பொருட்டுத் தாய்க்குத் தீங்கு நேரலாகாது என்றும் அதே வசனம் கட்டளையிடுகிறது. கண்நோயைக் கவனியாது விடுவதும் தீங்கே.

கண்ணில் இட்ட சொட்டின் ஒரு பகுதி கண்ணீர்க் குழாய் வழியே மூக்கிற்கு இறங்கி இரத்தத்தில் கலக்கிறது. பாலில் சேர்வது பெரும்பாலும் மிகச் சிறிதே. அதையும் குறைக்க வழியுண்டு: மருந்திட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை ஒரு நிமிடமேனும் விரலால் அழுத்துங்கள், வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

ஆயினும் எல்லா மருந்தும் ஒன்றல்ல. கண்ணழுத்த நோய்க்குத் தரும் டிமோலால், குழந்தையின் இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடும். குறைமாதக் குழந்தையெனில் கூடுதல் எச்சரிக்கை தேவை. எனவே “பாலூட்டுகிறேன்” என்று மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். மருந்தையோ பாலூட்டலையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். கண்ணில் தாய்ப்பால் விடும் பழக்கமும் வேண்டாம்.

சகோதரர்களே, பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் அவ்வசனம் தந்தையின் பொறுப்பில் வைக்கிறது. ஒரு நாள் கூலி போனாலும், தேனி அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். கண்ணும் அமானிதம், பிள்ளையும் அமானிதம்.

அல்லாஹ் இரண்டையும் காப்பானாக. ஆமீன்.