பாக்கராக்கில் ஒரு நாள்

1921-ல் பாபாசாகேப் அம்பேத்கர் பான் பல்கலைக்கழகத்தில் பெயரைப் பதிவு செய்தார். அதிகம் பேசப்படாத செய்தி இது. லண்டனில் படித்துக்கொண்டிருந்தவர் சில காலம் ஜெர்மனி பக்கமும் வந்துபோனார். ஒரு பயிற்சிக்காக ஜெர்மனி போன எங்கள் இருவருக்கும் அந்தக் கட்டடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தது. பார்த்தோம், படம் எடுத்துக்கொண்டோம். கையில் இன்னும் ஒரு நாள் மிச்சமிருந்தது. பானில் ஓடும் அதே ரைன் நதியின் கரையோடு மேலே போனால் திராட்சை ஊர்கள் வரும், அதிலும் பாக்கராக்கைத் தவறவிடாதீர்கள் என்றார்கள். ரயில் ஏறினோம்.

கிராமம் அழகு என்று யாராவது சொன்னால் நமக்கு உடனே சந்தேகம் வரும். யாருக்கு அழகு, எந்தத் தெருவிலிருந்து பார்த்தால் அழகு என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சந்தேகத்தோடுதான் இறங்கினோம். ஆனால் பாக்கராக் அழகுதான், மறுக்க முடியாது. சுமார் 2,000 பேர் வாழும் இடம். காகிதத்தில் அது நகரம், நடந்து பார்த்தால் கிராமம். மரச் சட்டங்களுக்கு நடுவே சுண்ணாம்பு பூசிய சாய்வான வீடுகள். 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் 'பழைய வீடு' முன்னால் எல்லோரும் நின்று படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். பழைய மதில்மேல் ஏறி நடக்கலாம். ஒரு பக்கம் ஊர். மறுபக்கம் தண்டவாளம், சாலை, அதற்கப்பால் ஆறு. எந்தத் தெருவுக்குள் நுழையவும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. செருப்பைப் பற்றி ஒரு கணம்கூட நினைக்கவில்லை. இதை எழுதும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது.

ஊரைச் சுற்றியுள்ள மலைச்சரிவெல்லாம் திராட்சை. மண் என்று சொல்வதைவிடப் பலகைக்கல் சில்லுகள் என்று சொல்லலாம். பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குக் கொடுக்கும் கல் அது. ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சைக்கு அது ஒத்துப்போகிறது. சரிவு அத்தனை செங்குத்து. வெறுங்கையோடு ஏறிய எங்களுக்கே முழங்கால் விட்டுப்போனது. இந்த மாதிரிச் சரிவில் எந்திரம் எளிதில் ஏறாது, கையால்தான் பறிக்க வேண்டும். ஜெர்மனியின் திராட்சை அறுவடைக்கு ஆண்டுதோறும் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் கூலியாட்கள் வருகிறார்கள். மதுப்புட்டியின் லேபிளில் மலை இருக்கும், கோட்டை இருக்கும், முதலாளி குடும்பத்தின் பெயர் இருக்கும். பறித்த கை இருக்காது. உலகம் முழுக்க லேபிள்கள் அப்படித்தான்.

பாக்கராக் மது ஒரு காலத்தில் பெரிய பெயர். அதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பெயரில் விற்ற மது எல்லாமே இந்த ஊரில் விளைந்ததில்லை. தெற்கே பிங்கன் அருகே ஆற்றில் பாறைகள் இருந்ததால் அதைக் கடந்து வரச் சிறிய படகுகளால்தான் முடியும். அவற்றில் வந்த பீப்பாய்களை இங்கே பெரிய கப்பல்களுக்கு மாற்றினார்கள். எங்கோ விளைந்ததற்கும் பாக்கராக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இனி மலைமேல் போவோம். ஊர் நடுவே புனித பீட்டர் தேவாலயம். அதன் பக்கத்தில் தொடங்கும் படிக்கட்டு மேலே ஷ்டாலெக் கோட்டைவரை போகிறது. கோட்டை இப்போது இளைஞர் விடுதி. பாதி வழியில் கூரையில்லாத சிவப்புக் கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. உயரமான சன்னல்கள், கண்ணாடி இல்லை. சன்னலுக்குள் ஆறும் வானமும் தெரிகின்றன. வந்தவர்கள் எல்லோரும் அங்கே நின்று பெருமூச்சு விடுகிறார்கள். வெர்னர் சிற்றாலயம்.

1287-ல் வெர்னர் என்ற கூலிக்காரப் பையன் செத்துக் கிடந்தான். பதினாறு வயது. பக்கத்து ஊரான ஓபர்வேசலின் யூதர்கள் தங்கள் சடங்குக்காக அவனைக் கொன்றார்கள் என்று கதை கட்டினார்கள். ஆற்றில் வீசிய உடல் நீரோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி பாக்கராக்வரை மிதந்து வந்ததாம். வதந்தி ரைன் கரையிலும் மோசல் கரையிலும் பரவியது. ஊர் ஊராக யூதர்கள் கொல்லப்பட்டார்கள். தப்பிய யூதர்கள் அரசர் முதலாம் ருடால்ஃபிடம் முறையிட்டார்கள். அரசரே அந்தக் கதையை நம்பவில்லை. கொன்றவர்களுக்கு அபராதம் விதித்தார், பையனின் உடலை எரித்துவிடச் சொன்னார். யாரும் எரிக்கவில்லை. 1289-ல் அவனுக்கு ஆலயம் கட்டத் தொடங்கினார்கள். யாத்ரீகர்கள் வந்தார்கள், காணிக்கை வந்தது.

எங்களை அதிகம் உலுக்கியது வெர்னர்தான். உயிரோடு இருந்தபோது அவன் தினக்கூலி. அவன் பட்டினியைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. செத்த பிறகு அவன் உடல் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. இன்னொரு கூட்டத்தைக் கொல்வதற்கு ஓர் ஏழையின் பிணம் காரணமானது. பிறகு அவனையே திராட்சை விவசாயிகளின் காவல் புனிதராக்கி, கையில் கொடி வெட்டும் கத்தியையும் கொடுத்துவிட்டார்கள். களப்பணியில் எத்தனையோ கலவரக் கதைகளைப் பதிவு செய்திருக்கிறோம். வதந்தி எந்த வீட்டிலிருந்து கிளம்பியது, யாருடைய நிலம், யாருடைய கடன் அதன் பின்னால் இருந்தது என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. 730 ஆண்டுகளுக்கு முந்தைய பிணத்தின் முன்னாலும் அதே கேள்விகள்தான் வந்தன.

1689-ல் பிரெஞ்சுப் படை மேலே இருந்த கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தபோது இடிபாடுகள் விழுந்து ஆலயம் சிதைந்தது. கட்டடம் போனாலும் கதை போகவில்லை. யூதராகப் பிறந்த கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே 'பாக்கராக்கின் ரப்பி' என்று ஒரு கதை எழுதத் தொடங்கினார். பாஸ்கா இரவு விருந்தின்போது விருந்தாளிகளாக வந்த இருவர் மேசைக்கடியில் குழந்தையின் பிணத்தை வைத்துவிடுகிறார்கள். ரப்பி அதைப் பார்த்துவிட்டு மனைவியோடு படகில் தப்புகிறார். கதையை ஹைனே முடிக்கவே இல்லை. 1840-ல், டமாஸ்கஸில் யூதர்கள்மீது அதே பழி மறுபடியும் சுமத்தப்பட்ட ஆண்டில், முடியாத கதையாகவே வெளியிட்டார். டிரியர் மறைமாவட்டம் தன் நாட்காட்டியிலிருந்து வெர்னரின் திருநாளை நீக்கியது எப்போது தெரியுமா? 1963. பழி சுமத்தி 676 ஆண்டுகள் கழித்து.

இப்போது அந்தச் சிதிலத்தில் ஒரு பலகை இருக்கிறது. நடந்த அநீதியை அது மழுப்பவில்லை. எங்களில் ஒருவருக்கு அது நிறைவாக இருந்தது. இவ்வளவாவது எழுதி வைத்திருக்கிறார்களே, நாம் போன எத்தனை இடங்களில் கொன்றவர்கள் பக்கத்துக் கல்வெட்டு மட்டும் நிற்கிறது என்றார். மற்றவருக்கு ஆறவில்லை. பலகையை யார் நின்று படிக்கிறார்கள் பாருங்கள் என்றார். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். சிலர் படித்தார்கள். பலர் சன்னல் வழியாக ஆற்றைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஒரு முதியவர் மட்டும் பேரப்பிள்ளையை நிறுத்தி, பலகையை வரிவரியாக விரலால் காட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அவர் முடிப்பதற்குள் பையன் இரண்டு முறை கேள்வி கேட்டான். ஜெர்மன் எங்களுக்கு அவ்வளவு போதாது. என்ன கேட்டான் என்று புரியவில்லை.

இருவரும் வாதம் செய்துகொண்டே இறங்கினோம். கீழே ஒரு கடையில் ஆளுக்கொரு கோப்பை ரீஸ்லிங் வாங்கினோம். புளிப்பு, நல்ல புளிப்பு. ரயில் நிலையத்தில் காத்திருந்தபோது ஒரு சரக்கு ரயில் ஊரையே அதிரவைத்துக்கொண்டு போனது. வீட்டு வாட்ஸ்அப் குழுவில் மதியம் போட்டிருந்த படத்துக்கு அத்தை பதில் அனுப்பியிருந்தார். "ரொம்ப அழகா இருக்கே, இது என்ன கோயில்?" என்று கேட்டிருந்தார்.

ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் அழிக்கச் சொன்னார். மறுபடி தட்டினோம். கடைசியில், "வந்து சொல்றோம் அத்தை, பெரிய கதை" என்று மட்டும் அனுப்பினோம்.