ஆடி வெள்ளியில் ஒரு கரிபிய விருந்து

பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் ஆசிரியபீடத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளுள் நாம் மிகவும் அஞ்சியது, "நீங்கள் எழுதியது பிழை" என்று ஆரம்பிக்கும் அழைப்பைத்தான். மறுநாள் உட்பக்கமொன்றின் மூலையில் 'திருத்தம்' என்ற தலைப்பில் நான்கு வரிகள் வெளியாகும். அந்த நான்கு வரிகளை எழுதுவது நாற்பது வரிச் செய்தியை எழுதுவதைவிடக் கடினமானது.

நான் எழுதிய திருத்தங்களுள் என்னால் மறக்க முடியாத ஒன்று எந்தப் பத்திரிகையிலும் வெளியாகவில்லை. கனடாவின் ஸ்காபரோவில், ஆட்டிறைச்சிக் கறிச் சட்டியொன்றின் முன்னால் நிறுத்தப்பட்ட சிறிய அட்டையில் அது இடம்பெற்றது.

எனது மகள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஈழத்தமிழர்களும் கரிபியத் தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்களும் பெருமளவில் வாழ்கின்றனர். லிஃப்டில் நாள்தோறும் சந்தித்துக்கொள்வார்கள். 'ஹலோ' என்பதற்கு மேல் பேச்சு நீள்வதில்லை. எம்மவரிற் சிலர் வீட்டுக்குள் அவர்களைக் குறிப்பிடப் பயன்படுத்தும் சொல்லை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. வாசகர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி, குடியிருப்பாளர் குழுவினர் கீழ்த்தள மண்டபத்தில் கரிபிய உணவு மாலை ஒன்றை நடத்தத் தீர்மானித்தனர். பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழித்த சட்டம் 1834ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நாள் அது. கனடிய நாடாளுமன்றம் 2021ஆம் ஆண்டில் அதனை விடுதலை நாளாக அங்கீகரித்திருந்தது. குழுவின் செயலாளர் என்ற முறையில் விருந்தை நடத்தும் பொறுப்பு எனது மகளிடம் வந்து சேர்ந்தது. ஒவ்வோர் உணவின் முன்னாலும் வைப்பதற்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிறு குறிப்புகள் எழுதும் பணியை அவள் என்னிடம் ஒப்படைத்தாள். "அப்பா, நீங்கள் பேப்பர்க்காரர்தானே, எழுதித் தாங்கோ" என்றாள். விடுமுறையில் சென்றிருந்த எனக்கும் அது பிடித்திருந்தது.

முதலாவது சிக்கல் நாட்காட்டியில் இருந்தது. அன்றைய தினம் ஆடி வெள்ளி. அழைக்கச் சென்ற மகளிடம் எதிர்வீட்டு அம்மா, "தங்கச்சி, ஆடி வெள்ளியெல்லோ, நாங்கள் மச்சம் தொடமாட்டம். அதோட அவையின்ர சாப்பாடு எங்களுக்கு ஒத்துவராது" என்று கூறிவிட்டார். முதற்காரணம் உண்மையானது. இரண்டாவது காரணத்தைச் சொல்வதற்கு முதலாவது வசதியாக இருந்தது என்பதும் உண்மை. ஏனைய தமிழ் வீடுகளிலும் ஏறத்தாழ இதே பதில்தான்.

சமையலுக்குத் தலைமை தாங்கிய ஜமைக்கா நாட்டு மூதாட்டியிடம் மகள் தயக்கத்துடன் விடயத்தைக் கூறினாள். எழுபத்தெட்டு வயதைத் தாண்டியவர். கனடா 1955ஆம் ஆண்டு ஆரம்பித்த வீட்டுப் பணிப்பெண் திட்டத்தின் கீழ், அதன் இறுதிக் காலத்தில், பத்தொன்பது வயதில் வந்து இறங்கியவர். அவர் முகம் சுளிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை மரக்கறி உண்பவர்கள் எங்களிடமும் இருக்கிறார்கள். சிலர் எல்லா நாளும் அப்படித்தான்" என்றார். ரஸ்தஃபாரி நெறியினரின் 'ஐட்டல்' உணவைத்தான் அவர் குறிப்பிட்டார். அந்த நெறியில் ஊன்றி நிற்பவர்களிற் பலர் இறைச்சியைத் தொடுவதில்லை. உப்பைக்கூடத் தவிர்ப்பவர்கள் உண்டு. மரக்கறிக்கெனத் தனி மேசை, தனிச் சட்டிகள், தனி அகப்பைகள் என அவரே ஒழுங்கு செய்தார்.

விருந்துக்கு முதல்நாள் அவரது சமையலறைக்குச் சென்றேன். கண்ணிற் பட்ட முதற்பொருளே என்னை வியக்க வைத்தது. ஈரப்பலாக்காய்! அதனை முழுதாக அடுப்புத் தணலில் வாட்டித் தோல் கருகியதும் சீவி எடுத்தார். தேங்காய்ப்பாலில் வெந்துகொண்டிருந்த சோற்றில் சிவப்பு அவரை விதைகளும் வெங்காயத் தாளும் தைம் தழையும் கிடந்தன. மேலே முழு மிளகாய் ஒன்று மிதந்தது. ஸ்கொட்ச் பொனற் எனப்படும் அந்த மிளகாய் உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; உடைந்தால் சோற்றில் வாய் வைக்க முடியாது. 'கலலூ' என்று அவர் அழைத்தது எங்கள் முளைக்கீரையின் இனமேதான். மற்றொரு பாத்திரத்தில் உப்பிட்டு உலர்த்திய கொட் மீன், உப்பு இறங்குவதற்காக நீரில் ஊறிக்கொண்டிருந்தது. எங்கள் வீடுகளில் கருவாட்டை ஊறவைப்பது போலவே.

அந்த ஒற்றுமைகள் தந்த உற்சாகத்தில் அன்றிரவே குறிப்புகளை எழுதி முடித்தேன். ஆட்டிறைச்சிக் கறிக்கு நான் எழுதியது இது: "இந்தியாவிலிருந்து சென்ற எமது மூதாதையர் கரிபியத் தீவுகளுக்கு வழங்கிய கொடை." உப்பு மீனும் ஆக்கீப் பழமும் சேர்ந்த உணவுக்கு, "ஜமைக்காவின் தேசிய உணவு. சுவையில் எமது கருவாட்டுக்கு நெருங்கியது" என்று எழுதினேன். வாசிக்க நன்றாகவே இருந்தது.

காலையில் மூதாட்டி தமது கண்ணாடியை அணிந்துகொண்டு அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். அருகில் டால்பூரி ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்த கயானா நாட்டுப் பெண்மணியும் எட்டிப் பார்த்தார். மூதாட்டி கேட்ட கேள்விகள் இரண்டுதான். "கறி எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் வந்தது? மீனின் சுவையை எழுதியிருக்கிறீர்கள். அது யாருக்காக வந்தது?"

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்ற ஐந்து கேள்விகளையும் இளம் நிருபர்களுக்கு ஆண்டுக்கணக்காகப் போதித்தவன் நான். 'ஏன்' என்பதை நானே விட்டிருந்தேன்.

கொட் மீன் கரிபியக் கடலில் வாழ்வதன்று. நியூஃபவுண்ட்லாந்து, நோவா ஸ்கோஷியா போன்ற வட அத்திலாந்திக் கரைகளிலிருந்து, அதாவது இன்றைய கனடாவிலிருந்து, சென்றது. நல்ல மீன் ஐரோப்பியச் சந்தைக்குப் போக, தரங்குறைந்தது கரும்புத் தோட்ட அடிமைகளின் வயிற்றுக்குப் போயிற்று. கப்பல்கள் ரம்முடனும் கரும்புப் பாகுடனும் திரும்பின. ஈரப்பலாவும் அவ்வாறே. அடிமைகளுக்கு மலிவான உணவு வேண்டும் என்பதற்காகவே கப்டன் பிளை அதன் கன்றுகளைத் தாஹிட்டியிலிருந்து 1793இல் ஜமைக்காவில் கொண்டுவந்து இறக்கினார். நான் வியந்து பார்த்த மேசையின் பாதி, ஒரு காலத்தில் தோட்டத்துரைமாரின் செலவுக் கணக்கு.

கறியின் கதை இன்னும் கூர்மையானது. விடுதலைச் சட்டத்தின்படி அடிமைகளின் உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுண் நட்டஈடு வழங்கப்பட்டது. அடிமைகளுக்கு எதுவும் இல்லை. அவர்களுக்கு முழுமையான விடுதலை 1838 ஓகஸ்ட் 1ஆம் திகதிதான் கிடைத்தது. அதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்னரே, மே 5ஆம் திகதி, இந்தியக் கூலிகள் சுமார் 400 பேருடன் இரு கப்பல்கள் பிரித்தானியக் கயானாவை அடைந்துவிட்டன. விடுதலையானவர்கள் நியாயமான கூலி கேட்டால் அதை முறியடிப்பதற்கான ஏற்பாடு அது. 1845இல் ஜமைக்காவுக்கும் டிரினிடாட்டுக்கும் கப்பல்கள் சென்றன. 1917 வரையில் கயானாவுக்கு மாத்திரம் 2 இலட்சத்து 39 ஆயிரம் பேர் வரை கொண்டு செல்லப்பட்டனர். இதனைக் கொடை என்று எவ்வாறு எழுதுவது?

"எமது மூதாதையர்" என்பதற்குச் சிரித்தவர் கயானாப் பெண்மணி. சென்றவர்களிற் பெரும்பாலானோர் வட இந்தியர். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியோர் சிறு தொகையினரே. அந்தச் சிறு தொகையில் அவரது குடும்பமும் ஒன்று. வீராசாமி என்ற பெயரின் திரிபு அவரது குடும்பப் பெயர். தமிழ் பேசத் தெரியாது. ஆனால் காளி பூசைக்கு முன்னர் மச்சம் தவிர்த்து விரதம் இருப்பதாகக் கூறினார். "உங்கள் நாட்டுக்கும் அப்படிப் போனார்களாமே, அவர்களை நீங்கள் எப்படி அழைப்பீர்கள்?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கோ உடனே பதில் வரவில்லை. அதே காலத்தில் அதே தமிழகக் கிராமங்களிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே சென்று கோப்பித் தோட்டங்களை உருவாக்கியவர்களை, யாழ்ப்பாணத்தில் நாம் எந்தச் சொல்லால் அழைத்தோம் என்பது எனக்குத் தெரியும். அருகிலிருந்தவரை எம்மவர் என்று சொல்லத் தயங்கிய சமூகத்தில் வளர்ந்த நான், கடல் கடந்தவரை மூதாதையர் என்று உரிமை கொண்டாடியிருந்தேன். இது தகவற் பிழை மட்டுமன்று.

மதியம் உட்கார்ந்து அட்டைகளை மீண்டும் எழுதினேன். கறிக்கு: "அடிமை விடுதலைக்குப் பின் தோட்டங்களில் கூலியைக் குறைக்கக் கொண்டுவரப்பட்ட இந்தியத் தொழிலாளரின் கறி. ஜமைக்கா மக்கள் அதைத் தமது கொண்டாட்ட உணவாக்கிக்கொண்டனர்." மீனுக்கு: "கனடாவின் கரைகளிலிருந்து அடிமைகளுக்காக அனுப்பப்பட்ட மீன். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த ஆக்கீப் பழத்துடன் சேர்த்து, இன்று ஜமைக்காவின் தேசிய உணவு." மூதாட்டி வாசித்தார். "இப்போது சரி" என்றார். எந்த ஆசிரியரிடமிருந்தும் பெற்ற பாராட்டைவிட அது எனக்குப் பெரிது.

மாலையில் மண்டபம் நிரம்பி வழிந்ததாகக் கூறமாட்டேன். கரிபியக் குடும்பங்கள் வந்தன. தமிழர்கள் தாமதமாகவும் தயக்கத்துடனும் வந்தனர். ஏழு மணியளவில், கோயிலுக்குப் போய்வந்த திருநீற்றுடன் எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்றார். தனி அகப்பைகளைக் காட்டி மகள் மரக்கறி மேசைக்கு அழைத்துச் சென்றாள். "இது எங்கட ஈரப்பலாவெல்லோ!" என்றார் அவர். பின்னர் அட்டையை வாசித்தார். சற்று நேரம் எதுவும் பேசவில்லை. மூதாட்டியிடம், சைகையும் அரைகுறை ஆங்கிலமுமாக, எப்படிச் சுடுவது என்று கேட்டார். இருவரும் அடுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினர். புறப்படும்போது மூதாட்டி ஒரு பாத்திரத்தில் தேங்காய்ப்பாற் சோறு போட்டுக் கொடுத்தார்.

ஒரு மாலை விருந்தால் இரு சமூகங்கள் ஒன்றாகிவிட்டன என்று எழுதினால் அதற்கும் ஒரு திருத்தம் வெளியிட நேரிடும். லிஃப்டில் இன்னமும் மௌனம் உண்டு. அந்தச் சொல்லும் வீடுகளில் உண்டு. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை நான் கண்டது ஒன்றை மாத்திரம் பதிவு செய்கிறேன். அயலாரின் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எம்மிடம் இல்லை. எதிர்வீட்டு அம்மா மூதாட்டியின் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். கையிலிருந்த அதே பாத்திரத்தில், ஆவி பறக்கும் கொழுக்கட்டைகள் இருந்தன.