கேட்டுவிட்டுத் தொட்ட கைகளுக்கு

பாலசமுத்திரம் மெக்கானிக் அண்ணனுக்கு,

பெயர் போட்டு எழுதினால் கூச்சப்படுவீர்கள் என்பதால் அண்ணன் என்றே எழுதுகிறேன். அப்பாவின் பழைய புல்லட்டை ஓட வைத்ததற்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். நீங்கள் பழுதைத் தேடிய முறைக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. அதை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால்தான் இந்த மடல்.

அந்த வண்டி எண்பதுகளில் சென்னை திருவொற்றியூரில் செய்யப்பட்டது. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் சேர்ந்து 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் தயாரிப்பு. இங்கிலாந்தில் கம்பெனியே மூடிய பிறகும் நம் ஊரில் அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்தது. அதில் சென்சார் கிடையாது, எச்சரிக்கை விளக்கு கிடையாது. அதற்கு என்ன கோளாறு என்பதை மனிதன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காலையில் இரண்டு உதையில் ஸ்டார்ட் ஆகிவிடும். பழனியிலிருந்து கொடைக்கானல் சாலையில் வரதமாநதி அணையைத் தாண்டி, மலை ஏறி, எஞ்சின் நன்றாகச் சூடானதும் நின்றுவிடும். நிழலில் ஆறப் போட்டால் மறுபடி கிளம்பும். பார்த்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பாகத்தை மாற்றச் சொன்னார்கள். கார்ப்பரேட்டர், காயில், கடைசியில் போரிங் வரைக்கும் பேச்சு வந்துவிட்டது.

நீங்கள் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் கேட்டீர்கள்: "இருமி இருமி நிக்குதா தம்பி, இல்ல சாவியத் திருப்புன மாதிரி பட்டுன்னு நிக்குதா?" பட்டென்று நிற்கிறது என்றேன். "பெட்ரோல் பத்தலைன்னா திணறித்தான் நிக்கும். பட்டுன்னு நின்னா மொதல்ல கரண்டப் பாக்கணும்" என்றீர்கள். தேட வேண்டிய இடம் அந்த ஒரு கேள்வியிலேயே பாதியாகக் குறைந்துவிட்டது.

எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், போதிய கம்ப்ரஷன், சரியான நேரத்தில் தீப்பொறி. கிக்கர் கால் கனத்தைத் தாங்கி நின்றது, அதனால் கம்ப்ரஷன் இருக்கிறது என்றீர்கள். அடுத்து, வண்டி நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னீர்கள். மூடியிலிருக்கும் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்காது. திறந்ததும் உஸ் என்று காற்று உள்ளே போகும். அப்படி எந்தச் சத்தமும் வரவில்லை. கார்ப்பரேட்டர் கிண்ணத்திலும் பெட்ரோல் நிறைந்திருந்தது. ஆக, பெட்ரோல் பக்கம் குற்றமில்லை.

அதன் பிறகு நீங்கள் செய்ததை வேறு யாரும் செய்யவில்லை. ஆறிய வண்டியில் தீப்பொறி பார்த்துப் பயனில்லை, அப்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்று சொல்லி, நிற்கும் வரை ஓட்டிச் சூடாக்கினீர்கள். நின்ற கையோடு ப்ளக்கைக் கழற்றி, பெட்ரோல் வாடை இல்லாத பக்கமாக எஞ்சின் உடம்பில் படும்படி வைத்துக் கிக்கரை மிதித்தீர்கள். நீலமாகப் பளிச்சென்று வரவேண்டிய பொறி மஞ்சளாக, உயிரில்லாமல் வந்தது. ஆம்ப்மீட்டர் முள்ளைக் காட்டினீர்கள். காயிலுக்கான கரண்டை விட்டு விட்டு நிறுத்தும் பாயிண்ட் மூடும்போது அது மைனஸ் பக்கம் சாய்ந்து, திறக்கும்போது நடுவுக்கு வந்தது. பாயிண்ட் வரைக்கும் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். பாயிண்ட் மூடியைத் திறந்தபோது அங்கே பெரிது பெரிதாகப் பொறி பறந்தது, பாயிண்டின் தொடு முகங்கள் கருகியிருந்தன. "இந்தப் பொறிய அமுக்க வேண்டிய கண்டன்சர் சூட்டுல உட்டுருது" என்றீர்கள்.

கடையில் புதுக் காயிலும் இருந்தது, புதுப் பாயிண்டும் இருந்தது. நீங்கள் கண்டன்சரை மட்டும் மாற்றினீர்கள். பழைய பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் நிறுத்தி, மலையேறிவிட்டு வரச் சொன்னீர்கள். "ரெண்ட ஒண்ணா மாத்துனா எது சரியாச்சுன்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது." அண்ணே, நான் உங்களுக்குக் கடன்பட்டிருப்பது இந்தச் சொல்லுக்காகத்தான். வாடிக்கையாளரின் காசை இப்படிக் காப்பாற்றும் நேர்மைக்குள் தொழிலின் அறிவும் இருக்கிறது. காரணம் தெரியாமல் சரியான வண்டி, மறுபடி நிற்கும்போது நம்மைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் விடும்.

வண்டி நிற்காமல் ஏறியது. மேலே போகப் போக இழுவை குறைந்து ப்ளக் கறுத்ததையும் சொன்னேன். அது பழுதே இல்லை என்றீர்கள். பழனி அடிவாரத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் ஏற்றம். மேலே காற்று மெலிந்துவிடுகிறது. கார்ப்பரேட்டரோ கீழே விட்ட கணக்குக்கே பெட்ரோல் விடுகிறது. அதற்காகப் பெட்ரோல் குறைவாக விடும் சின்ன ஜெட் போட்டுக்கொண்டு சமவெளியில் ஓட்டினால், பெட்ரோல் போதாமல் எஞ்சின் அதிகமாகச் சூடேறி பிஸ்டனையே காவு வாங்கும். ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வைத்து, கையில் ஒரு ப்ளக் வைத்துக்கொண்டால் போதும் என்று அனுப்பினீர்கள். எதைச் சரிசெய்யக் கூடாது என்று சொல்லவும் அறிவு வேண்டும்.

பெட்ரோலைப் பற்றியும் எச்சரித்தீர்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களுக்கும் வாஷர்களுக்கும் அது ஒத்துக்கொள்ளாது. நாள்கணக்கில் நிறுத்தும் வண்டியில் டேப்பை மூடி, கார்ப்பரேட்டர் கிண்ணத்தைக் காலிசெய்து வைக்கச் சொன்னீர்கள். அப்படியே செய்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் மற்றவர்களும் செய்தால், மாதங்கள் கழித்து உதைத்து உதைத்துக் கால் வலிக்காது.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெக்கானிக்கிடம் போகும்போது "வண்டி ஓடல" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது, மறுபடி எப்போது ஓடுகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள். பாகம் மாற்றாமல் பழுதைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு, அந்தக் கண்டுபிடிப்புக்கே கூலி கொடுங்கள். பாகத்துக்கு மட்டும் காசு கொடுத்துப் பழகினால், பாகம் மாற்றுகிறவர்கள்தான் மிஞ்சுவார்கள்.

உங்களிடம் ஒரு விண்ணப்பம், அண்ணே. உங்கள் கடையில் தொழில் பழகும் பையன்களை, வண்டி உள்ளே வந்ததும் முதலில் கேள்வி கேட்க விடுங்கள். அவர்கள் தப்பாகக் கேட்டாலும் காத்திருக்க நான் தயார். உங்களுக்குப் பிறகும் பாலசமுத்திரத்தில் பழைய வண்டிகள் ஓட வேண்டும்.

புல்லட்காரர் மகன்