கைராசி

கோழியை அடைவைப்பதற்குக் கைராசி வேண்டுமாம்! கூடையிலே தவிட்டைப் பரப்பி, கரித்துண்டு ஒன்று, இரும்புத்துண்டு ஒன்று, மிளகாய் வற்றல் இரண்டு போட்டு, முட்டைகளை ஒற்றைப்படையாக எண்ணி வைக்கவேண்டும். வைப்பவள் கட்டுக்கழுத்தியாக இருக்கவேண்டும். கைம்பெண் கை பட்டால் முட்டை கூழாகிவிடும். தப்பிப் பொரித்தாலும் குஞ்சு தங்காது. கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றிலே, நாம் நினைவு தெரிந்த நாள் முதலாய்க் கேட்டுவந்த சட்டம் இது. எந்த ஏட்டிலும் எழுதப்படாத சட்டம். ஆயினும் மீறியவர் எவருமிலர்.

நம் பெரியம்மா இருபத்தாறு வயதில் கணவரை இழந்தவர். முப்பது ஆண்டுகளாக நம் இல்லத்தில் மாடு கறந்தார், களை பறித்தார், காய்ச்சலில் கிடந்த நமக்குக் கஞ்சி ஊட்டினார். அடைக்கூடையை மட்டும் அவர் தொட்டதில்லை. மாட்டின் மடியைத் தொடலாம், கோழியின் முட்டையைத் தொடலாகாது! பாலுக்கு இல்லாத தீட்டு முட்டைக்கு எங்கிருந்து வந்தது தோழர்களே?

ஆகவேதான், ஒருநாள் வயதுக் குஞ்சுகள் ஐம்பதை வாங்கி, தாய்க்கோழியின்றி மின்விளக்கின் சூட்டிலே வளர்ப்பது என்று முடிவு செய்தபோது, அந்தப் பொறுப்பைப் பெரியம்மாவிடம் ஒப்படைத்தோம். பொரிப்பதற்குச் சற்று முன்னர் குஞ்சு மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுச்சோறு இரண்டு மூன்று நாள் தாங்கும். குஞ்சுகள் பெட்டியில் நெடுந்தொலைவு பயணம் செய்தும் பிழைப்பது அதனால்தான். அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து, அலகைத் தண்ணீரில் நனைத்து, கீழே விட்டவர் பெரியம்மா. அன்று அவர் முகத்தில் இருந்த பூரிப்பை நாம் அதற்குமுன் கண்டதில்லை.

கூட்டை அமைத்தவர் யார்? நாம்! சதுரமான பெரிய அட்டைப்பெட்டி. அதன்மேல் உயரத்தில் 60 வாட் விளக்கு ஒன்று. அடியில் பழைய நாளிதழ்கள். இராசிபலன் வந்த பக்கங்களாகவே தேடி விரித்தோம், அவையும் ஒருநாள் பயன்படட்டுமே என்று! (வழவழப்பான தாளில் குஞ்சுகளின் கால்கள் வழுக்கி அகன்று ஊனமாகும் என்பது பின்னர்தான் தெரிந்தது. அதற்கும் உதவவில்லை இராசிபலன்!)

மார்கழிக் குளிர். விடிந்து பார்த்தபோது பெட்டியின் ஒரு மூலையில் பத்தொன்பது குஞ்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாய், பிணமாய்!

அண்டை வீட்டு மூதாட்டி எட்டிப் பார்த்தார். "அப்பவே சொன்னேனே, கேட்டீங்களா?" என்றார். அவர்மீது நமக்குச் சினமில்லை. அவருக்குக் கற்பித்ததை அவர் சொன்னார். பெரியம்மாவோ தம் இரு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "நான் தொட்டிருக்கக் கூடாது கண்ணு" என்றார்.

நாம் என்ன செய்தோம்? பெரியார் 1909ஆம் ஆண்டிலேயே, இயக்கம் காணுமுன்னரே, கைம்மை எய்திய தம் தங்கை மகளுக்கு மறுமணம் செய்துவைத்த வரலாற்றை மேடைதோறும் முழங்கிய நாம், "நீங்கள் போய்ப் படுங்கள் பெரியம்மா, இனி நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றோம். பரிவு போல ஒலித்தது அந்தச் சொல். பரிவன்று அது. அந்த ஒரு கணத்தில் நம் நெஞ்சின் ஒரு மூலையும் மூதாட்டியோடு சேர்ந்து தலையசைத்தது. பெரியம்மாவுக்கு அது புரிந்தது. ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

அன்றிரவு நாமே காவலிருந்தோம். யாருடைய தாலிக்கும் பழி சுமக்காத, ஆண்மகன் கை! அந்தக் கையின் காவலிலும் மூன்று செத்தன.

பிறகுதான் குஞ்சுகளைப் பார்க்கத் தொடங்கினோம். அதுவரை பார்த்தது விளக்கை மட்டுமே. குஞ்சின் மென்தூவி மட்டும் குளிருக்குப் போதாது. சூட்டைப் பிடித்துவைக்க உண்மையான சிறகு முளைக்க வேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும். அதுவரை தாயின் சிறகு, தாயில்லையேல் விளக்கு. குளிரினால் ஒன்றையொன்று நெருக்கும். மூலை கிடைத்தால் ஏறி மிதிக்கும். அடியில் அகப்பட்டது மூச்சடைத்துச் சாகும். வெப்பமானி ஒன்று வாங்கி, குஞ்சின் முதுகு உயரத்தில், தரையிலிருந்து இரண்டங்குலத்தில் வைத்தோம். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் இருக்கவேண்டும்; நம் கூட்டில் நள்ளிரவில் காட்டியது 78!

குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது வழக்கமான கணக்கு. ஐம்பதுக்கு 100 வாட் வேண்டும். நாம் கொடுத்தது 60, அதுவும் எட்டாத உயரத்தில். சதுரப் பெட்டி மூலைகளைத் தந்தது. ஆக, பத்தொன்பது குஞ்சுகளைக் கொன்றது யார் கை என்பதில் ஐயமில்லை.

பெரியம்மாவிடம் சென்று அதைச் சொன்னோம். மன்னிப்பும் கேட்டோம். "சரி, வெளக்கைத் தாழ்த்திக் கட்டு" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த ஐம்பதுக்கு, தகட்டை வளைத்து மூலையே இல்லாத வட்டம் கட்டினோம். உமியை இரண்டங்குலம் பரப்பி, மேலே சொரசொரப்பான அட்டை; அதன்மேல் உடைத்த மக்காச்சோளம். மின்சாரம் நின்றால் வைக்க, கரிநெருப்பிட்ட மண்பானை, சுற்றிலும் செங்கல். புகை தேங்காதிருக்கச் சாளரம் திறந்தே இருந்தது. வாரத்துக்கு 5 டிகிரி வீதம் சூட்டைக் குறைத்தோம்.

ஆனால் பெரியம்மாவுக்கு வெப்பமானி இரண்டு நாள்தான் தேவைப்பட்டது. குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர். விலகி நின்று வாய் பிளந்தால் வெப்பம் மிகுதி. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தில் காற்று புகுகிறது. வட்டமெங்கும் பரவி மேய்ந்தால் நலம். இத்தனையும் அவர் கண்ணால் படித்தார். முதல் வாரத்தில் கண்ணில் விடவேண்டிய வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தையும் அவரே சொட்டு சொட்டாய் விட்டார்.

இம்முறை இரண்டு இறந்தன. ஒன்று நோஞ்சான், மற்றொன்று தண்ணீர்த் தட்டில் விழுந்தது. மறுநாளே தட்டில் கூழாங்கற்களைப் பரப்பிவைத்தார் பெரியம்மா.

மூன்றாவது வாரம் மூதாட்டி மீண்டும் வந்தார். தகட்டு வட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து நாற்பத்தெட்டையும் எண்ணினார். கைராசி பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. பல்பு என்ன விலை என்று மட்டும் கேட்டார். பெரியம்மா விலையைச் சொல்லிவிட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து மறையுது" என்றார்.