"ஓடாதே!" என்றால் ஓடுகிறானே!

என் தம்பி மனைவி மைசூர்ப் பெண். ஒரு கோடை லீவுக்கு நாலு வயசுப் பையனோடு செஞ்சிக்கு வந்திருந்தாள். பையனுக்கு வீட்டில் கன்னடம்தான். தமிழ் அவன் காதில் விழுவது இங்கே வந்தால்தான்.

கோட்டை திறந்ததுமே ராஜகிரி ஏறப் போனோம். சுமார் 800 அடி ஆயிற்றே, வெயில் ஏறுமுன் இறங்க வேண்டாமா? கல்யாண மகாலைத் தாண்டிப் படி ஆரம்பித்ததும் ஒரு குரங்கைப் பார்த்துவிட்டு எடுத்தான் ஓட்டம்! பக்கத்தில் சரிவு. "ஓடாதே!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பிப் பார்த்தவன் இன்னும் வேகமாக ஓடினான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

பின்னால் வந்த அவன் அம்மா, "ஓட பேஏஏட!" என்றாள். என் சத்தத்தில் பாதிகூட இல்லை. பையன் அப்படியே நின்றுவிட்டான்.

"அவன்மேல் தப்பில்லை அக்கா, நீங்க 'ஓ'வை அழுத்தினீங்க" என்றாள் அவள். யோசித்தால் சரிதான். கன்னடத்திலும் 'ஓடு' என்றால் ஓடுதான். அதுதான் அவன் காதில் பலமாக விழுந்திருக்கிறது. நம் 'ஓடாதே'யில் 'கூடாது' என்பது சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அவர்களுக்கோ 'பேட' தனிச் சொல், இழுத்துச் சொல்லலாம். நம் 'வேண்டாம்' என்பதற்கு உடன்பிறப்புதான் அது.

மைசூரில் இருக்கும் அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில் கன்னடப் பேச்சின் அழுத்தத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். அழுத்திச் சொல்லும்போது குரல் மேலே போகும், சத்தம் கூடும், எழுத்தும் நீளும். அந்த நீட்டம் கன்னடக் காதுக்குப் பெரிய அடையாளமாம். இங்கிலீஷில் அழுத்தம் இடம் மாறினால் சில சொற்களுக்கு அர்த்தமே மாறிவிடும். நமக்கும் கன்னடத்துக்கும் அந்தத் தொல்லை இல்லை. எது முக்கியம் என்று காட்டத்தான் அழுத்துகிறோம். சின்னக் குழந்தை முழு வாக்கியத்தையும் எங்கே கேட்கிறது? அழுத்தின இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வயிற்றில் இருக்கும்போதே கடைசி மாதங்களில் அம்மா குரலின் ஏற்ற இறக்கம் அதற்குக் கேட்கிறதே!

(பழகின பாஷையில், முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டும் குழந்தை திரும்பவில்லை என்றால் அது வேறு சங்கதி. தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காதைக் காட்டிவிடுங்கள்.)

அன்றைக்கு மீதிப் படி முழுக்க, "ஓட வேணாஆஆம் கண்ணா" என்றே இழுத்துக்கொண்டு போனேன். இறங்கும்போது வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்த குரங்கைப் பார்த்து அவன் சொன்னான்: "ஓட வேணாஆஆம்!"