பின்னால் வருவோர்க்கு ஒரு விளக்கு

வன்னி வீதிகளிற் செல்லும் வாகனங்களுள் தன்னந்தனியாகச் செல்வன சிலவே. உழவு இயந்திரம் ஒன்று வந்தால் அதன் பின்னே ஒரு பெட்டி வரும். லாண்ட்மாஸ்டர் வந்தால் அதற்கும் ஒரு பெட்டி உண்டு. கப் வாகனம் வந்தாற்கூடத் தண்ணீர்த் தாங்கியோ படகோ அதனைத் தொடர்ந்து வருவதுண்டு. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களிலும் நெல்லும் வைக்கோலும் விறகும் வலையும் இவ்வாறு இழுபட்டே ஊர் சேர்கின்றன. ஆகவே இந்நிலத்தின் வாழ்வைக் காண விரும்புவோர் வாகனத்தின் முகப்பைப் பார்ப்பதோடு நில்லாது, அதன் பின்புறத்தையும் சற்று நோக்குதல் வேண்டும்.

காலபோக அறுவடை முடியுந் தறுவாயில் நாம் வவுனியாவிலிருந்து ஏ-9 வீதி வழியே வடக்கு நோக்கிப் பயணமானோம். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கடந்தன. வீதியோரத்தில் நெல்லைக் காயவிட்டிருந்தோர் வெயில் தணிந்ததும் அதனைக் கூட்டிச் சாக்குகளிற் கட்டிக்கொண்டிருந்தனர். பொழுது சாய்ந்தது. பகல் முழுதும் சூடேறிய தார் வீதியின் மேல் மாடுகள் வந்து படுத்துக்கொண்டன. அவ்வேளையிலே நமது வாகனத்தின் வெளிச்சத்தில் வைக்கோற் குவியல் ஒன்று திடீரெனத் தோன்றியது. உழவு இயந்திரப் பெட்டி ஒன்றின் பின்புறம் அது. பெட்டியிலே விளக்கு எரியவில்லை. எரிந்திருந்தாலும் தொங்கிய வைக்கோல் அதனை மறைத்திருக்கும். சாரதி சாமர்த்தியமாக வாகனத்தை ஒதுக்கிச் சென்றார்.

மாணவர்கள் இதனை ஒரு கணக்காகவே செய்து பார்க்கலாம். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் 19 மீற்றருக்குச் சற்று அதிகமாக ஓடும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஊரும் பெட்டியோ அவ்வினாடியில் ஏறத்தாழ 4 மீற்றர்தான் நகரும். இரண்டுக்கும் இடையே 100 மீற்றர் தூரம் இருந்தாலும், ஏழு வினாடிகள் நிறையுமுன்னே அது இல்லாமற் போய்விடும். தாழ்த்திய முன்விளக்கின் ஒளி அந்த 100 மீற்றருக்கும் எட்டாது. சிறியதொரு செவ்விளக்கு பின்னால் எரிந்திருப்பின், நேரான வீதியிற் பல நூறு மீற்றருக்கு அப்பாலேயே அதனைக் கண்டிருக்கலாம்.

இந்த விளக்கு நம்மவர்க்குப் புதியதன்று. மாட்டு வண்டிக் காலத்தில் அச்சுக்குக் கீழே அரிக்கன் லாம்பு ஒன்று ஆடிக்கொண்டே செல்லும். வண்டிக்காரருக்கு வழி காட்டுவதை விட, ‘இங்கே ஒரு வண்டி போகின்றது’ என்று பிறருக்குச் சொல்லுவதே அதன் பெரிய வேலை. பின்னர் உழவு இயந்திரம் வந்தது. அதனோடு மின்விளக்கும் வந்தது. ஆயினும் அது நிலைக்கவில்லை. 1990களில் எரிபொருளுக்கும் பற்றரிக்கும் வன்னியிலே தடை இருந்தது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின; சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். அத்தகைய நாளிற் பெட்டியின் பின்விளக்கை நினைப்பார் யார்? பழுதான வயர் பழுதானபடியே தொங்கியது. வறுமையினால் வந்த வழக்கம் வறுமை சற்றே நீங்கிய பின்பும் தொடர்வது உலக இயல்பு.

பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியை விட்டு, கிழக்கே முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதி பிரிகின்றது. அவ்விடத்துக்கு அண்மையில் ஒரு சிறிய கராச்சிலே, கப் வாகனம் ஒன்றுக்கு இரண்டாவது சொக்கற் பூட்டிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரைக் கண்டோம். இழுவைப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் சொக்கற் அவ்வாகனத்தின் பின்புறத்தில் ஏற்கெனவே இருந்தது.

“ஒன்று இருக்கின்றதே தம்பி, மற்றொன்று எதற்கு?” என்று வினவினோம்.

“பெட்டி இழுக்கேக்க கீழ இருக்கிறது காணும் ஐயா. படகு ஏத்தினா அதின்ர பின்பக்கம் விளக்கை மறைச்சுப்போடும். அப்ப ஒரு பலகையில விளக்குப் பூட்டி, படகின்ர கடைசியில கட்டவேணும். அதுக்குத்தான் இது,” என்றார் அவர்.

வட்டமான அந்தச் சொக்கற்றில் ஏழு துளைகள் உள்ளன. இடது சிக்னல், வலது சிக்னல், இடது பின்விளக்கு, வலது பின்விளக்கு, பிறேக் விளக்கு, மூடுபனி விளக்கு, எர்த் என ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. நியமப்படி இடது சிக்னலுக்கு மஞ்சள், வலதுக்குப் பச்சை, பிறேக்குக்குச் சிவப்பு, எர்த்துக்கு வெள்ளை என வயர்களின் நிறங்களும் வகுக்கப்பட்டுள்ளன. புதிய சொக்கற்றை நிறத்துக்கு நிறம் பழையதோடு சமாந்தரமாக இணைத்தார் இளைஞர். எர்த் வயரை மட்டும் அவர் தனியே வாகனத்தின் உடலிற் கொண்டுபோய் முடுக்கினார். இழுவைக் கொளுக்கியின் இரும்பை நம்பினால், துரு ஏறிய நாளில் விளக்குகள் மங்கி, ஒரு சிக்னல் போட மற்றொன்று மினுங்குமாம்.

பிறேக் விளக்குக்கு 21 வாற்று மின்குமிழ் இரண்டு. ஆக 42 வாற்று. 12 வோல்ற்றுப் பற்றரியில் அது மூன்றரை அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். மறதியாக இரண்டு சொக்கற்றிலும் பிளக்கைச் செருகிவிட்டால் அது 7 அம்பியர் ஆகும். வாகனத்தின் மெல்லிய விளக்கு வயருக்கு அந்தச் சுமை ஆகாது. ஆகையால் பற்றரியிலிருந்து தடித்த வயர் ஒன்றை, உருகி ஒன்றின் வழியாகப் பின்னே இழுத்து, றிலேக்களைப் பூட்டினார். பழைய வயர் இனிக் கட்டளை மட்டும் இடும். சுமையைத் தடித்த வயர் தாங்கும். வீட்டு மின்சாரம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமோ!

அங்கிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவை அடைந்தோம். இவ்வீதியை அமைதியாகக் கடப்பது எளிதன்று. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் வீட்டுக் கூரைத் தகரம் முதல் கைக்குழந்தை வரை உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு மக்கள் இவ்வழியேதான் கிழக்கு நோக்கிப் போயினர். வெளிச்சம் காட்டுவதே ஆபத்தாயிருந்த இரவுகள் அவை. அந்தப் பெட்டிகளுட் பல முள்ளிவாய்க்காலைத் தாண்டித் திரும்பவில்லை. அவற்றிற் சென்றோரிலும் பலர் திரும்பவில்லை. இன்று அதே வீதியில் விளக்கேற்றிச் செல்லலாம் என்பது சிறிய பேறன்று.

முல்லைத்தீவுக் கரையிலே படகு இழுக்கும் வாகனங்கள் நின்றன. அறிந்தவர்கள் பெட்டியைக் கடலுக்குள் இறக்குமுன் பிளக்கைக் கழற்றிவிடுகின்றனர். சூடான மின்குமிழ் குளிர்ந்த நீர் பட்டால் வெடித்துவிடும். உப்பு நீர் புகுந்த செப்புக் கம்பியோ சில வாரங்களிற் பச்சை பூத்து அற்றுப்போகும். மேலே, மூடியோடு பூட்டிய இரண்டாவது சொக்கற் உவர்நீரிலிருந்து தப்பிவிடுகிறது. படகின் பின்முனையிற் கட்டும் பலகையும் கடலில் நனைவதில்லை.

திரும்பும் வழியில், எல்லா வாகனங்களையும் போலவே நாமும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நின்றோம். கச்சான் கடைகளின் முன்னே நெல்லேற்றிய பெட்டியொடு ஓர் உழவு இயந்திரம் நின்றது. தகப்பனார் ஆசனத்திலிருந்து பிறேக்கை மிதிக்க, பத்து வயது மதிக்கத்தக்க மகன் பெட்டிக்குப் பின்னே நின்று, “எரியுது அப்பா! இடதும் எரியுது! வலதும் எரியுது!” என்று உரத்துச் சொன்னான். தன் பின்விளக்கைத் தானே காண எந்தச் சாரதிக்கும் இயலாது. அதற்கு இன்னொருவர் வேண்டும். அந்த விளக்கால் உயிர் தப்புகிறவரோ முன்பின் அறியாத வேறொருவர். சில முழ வயரும் ஒரு சொக்கற்றும் கேட்கும் செலவு சிறிதே. வாகனமுள்ள வீடுகள்தோறும் பிள்ளைகள் மாலையில் ஒருமுறை பின்னே சென்று பார்த்துச் சொல்வாராயின், வன்னி வீதிகளில் எத்தனையோ குடும்பங்கள் இரவிலே நலமாக வீடு சேரும்.