ஆற்காடு சாலை, ஏரி ஏரியாக

கோடம்பாக்கத்தில் கடைப் பலகைகள் எல்லாவற்றிலும் ஆற்காடு சாலை என்றுதான் இருக்கிறது. அந்தச் சாலையில் தினமும் நான்கு தடவை போய்வருகிறவர்களிலும் ஆற்காடு வரை போனவர்கள் குறைவு. வடபழனியோடு சாலை முடிந்துவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. கோடம்பாக்கம் மேம்பாலத்திலிருந்து பாலாற்றங்கரையில் இருக்கும் ஆற்காடு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். விடியலில் காரை எடுத்தால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். போகிற வழி முழுக்க ஏரிகள். ஏரிக்கரை ஊர்களைப் பார்க்க ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறோம். நம் வாசலில் தொடங்கும் இந்தச் சாலையை ஒரு நாள் முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முதல் ஏரி இப்போது இல்லை. மேம்பாலத்துக்குக் கிழக்கிலும் தெற்கிலும், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே ஒரு நீண்ட ஏரி வளைந்து கிடந்தது. பழைய வரைபடங்களில் அதன் பெயர் லாங் டேங்க். 1920களில் அதை வடித்து, மண்ணடித்து, நகரம் போட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் பெயரில் தியாகராய நகர் எழுந்தது இப்படித்தான். நுங்கம்பாக்கம் ஏரியில் மிஞ்சிய இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. அங்கே ஏரியும் தெரியாது, கரையும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் தி.நகர்த் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது வடிகாலை மட்டும் குறை சொல்கிறோம். நாம் குடியிருப்பது ஏரியின் வயிற்றில்.

வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம். 1948இல் காரைக்குடியிலிருந்து வந்த ஏவிஎம் ஸ்டூடியோவின் வாசலையும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி நோக்கிப் போகும் மெட்ரோவின் தூண்களையும் பார்த்தபடி போரூருக்கு வந்துவிடலாம். போரூர் ஏரி நகரத்துக்குள் உயிரோடு இருப்பதே பெரிய காரியம். அதன் மேலேயே பைபாஸ் சாலை போகிறது. ஓரத்தில் கட்டடங்கள் நெருக்கினாலும் நடுவில் தண்ணீர் மினுங்குகிறது.

போரூரிலிருந்து நேரே பூந்தமல்லிக்குப் போகாமல் குன்றத்தூர்ப் பக்கம் திரும்பச் சொல்வேன். சேக்கிழார் பிறந்த ஊர். புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர் என்று சொல்வது வழக்கம். அந்தப் புலியூரின் பெயர் கோடம்பாக்கத்துக்குள்ளேயே ஒரு பகுதியின் பெயராக இன்றும் இருக்கிறது. பரத்வாஜேஸ்வரர் கோயில் அங்கேதான். பெரிய புராணம் பாடியவரும் நாமும் ஒரே கோட்டத்துக்காரர்கள். முருகன் கோயில் குன்றில் ஏறி மேற்கே பார்த்தால் வெளிச்சமான நாளில் செம்பரம்பாக்கம் தெரியும்.

கீழே இறங்கி ஏரிக்குப் போகும்போது முதலில் தண்ணீர் தெரியாது, ஒரு நீண்ட மண்மேடு தெரியும். தொண்டை நாட்டு நிலம் மேற்கிலிருந்து கிழக்கே, படிக்கட்டு இறங்குவதுபோல் மெல்லச் சரிகிறது. ஓடி வரும் மழைநீரை ஒவ்வொரு படியிலும் கிழக்கே ஒரு கரை போட்டு நிறுத்தினார்கள். ஆகவே சென்னையிலிருந்து போகிறவருக்கு எப்போதும் கரையின் முதுகுதான் முதலில் தெரியும், ஏறினால்தான் நீர். இங்குள்ள ஏரிகள் தானாக அமைந்தவை அல்ல. மண் சுமந்தவர்கள், கரையைத் தட்டி இறுக்கியவர்கள், மதகு வைத்தவர்கள், வரத்துக் கால்வாயை ஆண்டுதோறும் தூர் வாரியவர்கள் சேர்ந்து செய்தவை. அழகு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீருக்கு முன்னால் கரையைப் பார்க்க வேண்டும்.

செம்பரம்பாக்கம் நிரம்பினால் ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 5 கண் மதகு, 19 கண் மதகு என்று இரண்டு மதகுகளை ஊர்க்காரர்கள் சொல்வார்கள். 2015 டிசம்பர் முதல் தேதி இங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அது அடையாற்றில் சேர்ந்து ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வீடுகளுக்குள் புகுந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில், 2019 கோடையில், இதே ஏரி வெடித்த சேறாகக் கிடந்தது. நாங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தோம். நாளுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இதன் கரையில் இருக்கிறது. ஏரியில் நீர் இருந்தால்தான் அதற்கு வேலை. ஏரி நிரம்பினாலும் வற்றினாலும் அது நம் தெருவுக்கு வருகிறது.

பெருஞ்சாலை ஏறினால் இருங்காட்டுக்கோட்டை, பிறகு ஸ்ரீபெரும்புதூர். கார் ஆலைகளும் செல்பேசி ஆலைகளும் கண்ணை இழுக்கும். 1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடம் சாலையோரம். ராமானுஜர் அவதரித்த தலத்தில் ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டு ஊர் ஏரியையும் பார்த்துவிட வேண்டும். அந்த ஏரிக்குப் பாலாற்று நீர் வரும் கம்பன் கால்வாய் வழிநெடுக ஏரிகளை நிரப்பிக்கொண்டு வருகிறது. ஆலைகளுக்கு நடுவே இப்படி ஒரு வாய்க்கால் போவதை அங்கே வேலைக்கு வரும் இளைஞர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சுங்குவார்சத்திரம், ராஜகுளம். காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தால் நாள் போய்விடும். வரதராஜர் கோயில் இட்லியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். தாமல் ஏரியைத் தாண்டி நேரே காவேரிப்பாக்கம்.

இந்தப் பயணத்தின் உச்சம் இதுதான். ஏறத்தாழ 4,000 ஏக்கர், 30 அடிக்கு மேல் ஆழம். தெள்ளாறு எறிந்த பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது, ஒன்பதாம் நூற்றாண்டு. அவனுடைய பட்டப்பெயரால் ஊருக்கே அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் இருந்தது. சிங்க மதகு, நரி மதகு என்று மதகுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். ஏரி நிரம்பினால் கடைவாசல் வழியே உபரி நீர் இறங்கும். மார்கழியில் கரைமேல் நின்றால் எதிர்க்கரை பனியில் மறைந்து கடல்போல் இருக்கும். கீழே ஆயக்கட்டில் பச்சை நெல். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கரை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நம் காலத்தில் கட்டிய எதைப்பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

இங்கே ஒரு போரும் நடந்தது. 1751 ஆகஸ்ட் கடைசியில் ராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பியச் சிப்பாய்களோடும் 300 இந்தியச் சிப்பாய்களோடும் சென்னையிலிருந்து ஆற்காட்டுக்கு நடந்தார். கோட்டையைப் பிடித்தார், 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் காவேரிப்பாக்கத்தில், அந்த முற்றுகையை நடத்திய ராசா சாகிபின் படை மாந்தோப்பில் பீரங்கிகளை மறைத்து வைத்துக் காத்திருந்தது. கிளைவின் காலாட்படை உயிர் தப்பப் பதுங்கியது ஒரு வறண்ட வாய்க்காலில். வரலாற்றுப் புத்தகங்கள் அந்த வாய்க்காலை ஒரு பள்ளமாக மட்டும் எழுதிவிட்டுப் போகின்றன. பாசனத்துக்கு யாரோ வெட்டி வைத்த வழி அது.

கடைவாசலில் இறங்கும் நீர் எங்கே போகிறது என்பதைக் கோடம்பாக்கத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது கொசஸ்தலையாறாகிறது. கேசாவரம் அணைக்கட்டில் ஒரு கை கூவமாகப் பிரிகிறது. மற்றது பூண்டிக்குப் போகிறது. சத்தியமூர்த்தி பெயர் தாங்கிய அந்த நீர்த்தேக்கம் 1944இல் முடிந்தது. அங்கிருந்து கால்வாய் வழியே புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் தண்ணீர் வருகிறது. பிறகு நம் குழாய்க்கு. ஆற்காட்டுப் பக்கத்துத் தண்ணீர் ஊர் ஊராக நின்று நம்மிடம் வந்து சேர்கிறது. ஆகவே காவேரிப்பாக்கத்து வரத்துக் கால்வாயில் குப்பை கொட்டினாலோ, கரை ஓரத்தை வளைத்து மனை போட்டாலோ, அது வேறு மாவட்டத்துச் சங்கதி என்று நாம் இருந்துவிட முடியாது. கால்வாயை வாரும் பொறுப்பில் சென்னையின் பணமும் சென்னையின் குரலும் சேர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

வாலாஜாபேட்டைக்கு அருகே பாலாற்றின் குறுக்கே நீண்டு கிடக்கும் அணைக்கட்டு 1850களில் கட்டியது. ஒரு பக்கம் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளுக்கும் மறுபக்கம் சக்கரமல்லூர், தூசி ஏரிகளுக்கும் இங்கிருந்துதான் நீர் பிரிகிறது. மகேந்திரவாடி முதலாம் மகேந்திரவர்மன் வெட்டிய ஏரி; கரையருகே ஒற்றைப் பாறையில் அவன் குடைந்த விஷ்ணு கோயில் உண்டு. நேரம் இருந்தால் திரும்பும்போது அந்தப் பக்கம் போகலாம். பாலாறு பல ஆண்டுகள் வெறும் மணல்தான். 2021 நவம்பரில் மட்டும் இந்த அணைக்கட்டைத் தாண்டி நொடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் போனது. அந்த வெள்ளத்தில் வழியிலுள்ள ஏரிகளுக்குக் கிடைத்தது வாய்க்கால் கொண்ட மட்டும்தான், மிச்சம் கடலுக்கு.

பாலத்தைத் தாண்டினால் ஆற்காடு. ஆற்றங்கரையில் டெல்லி கேட் நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிரியாணி, வீட்டுக்கு எடுத்துப்போக மக்கன் பேடா. தை மாதத்துக்குள் போய்வருவது நல்லது. பங்குனியில் கரை இருக்கும், தண்ணீர் இருக்காது.